கேஸ் மாறினா மூச்சும் மாறணும்

“மருந்து அதேதான் சார், கேஸ் மட்டும்தான் மாறியிருக்கு.”

“மருந்து அதேதான் சார், இது பவுடர். சுற்றுச்சூழலுக்கு நல்லது.”

வீட்டில் வீசிங் இருக்கிற யாருக்கும் இந்த ரெண்டு வசனமும் புதுசு இல்லை. ரெண்டுமே பாதி உண்மை. லோன் பேப்பரில் பாதி உண்மை இருந்தா பேங்க்குக்கு நஷ்டம், அவ்வளவுதான். இன்ஹேலரில் பாதி உண்மை இருந்தா ராத்திரி ரெண்டு மணிக்கு டாக்ஸி தேடணும். அந்தக் கோபத்தில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி எடுத்துட்டு வந்து உட்காருங்க.

முதலிலேயே சொல்லிடறேன். நான் பி.காம். படிச்சிட்டு பேங்க்கில் குப்பை கொட்டுறவன். டாக்டர் இல்லை. ஆனா வீட்டில் பன்னிரண்டு வயசுப் பொண்ணுக்கு வீசிங். கிங்ஸ் சர்க்கிளில் குடியிருக்கோம். வீட்டுக்கு எதிரே மேம்பாலம், மழைக்காலத்தில் காந்தி மார்க்கெட் வரைக்கும் தண்ணி, சுவரெல்லாம் ஓதம், பூஞ்சை. குளிர்காலத்தில் கட்டட வேலைத் தூசி. காற்று அந்தப் பக்கம் திரும்பினா செம்பூர், மாகுல் வாசனை. பத்து வருஷமா இந்தப் பம்போட குடித்தனம் நடத்துறதால் கேட்டும் படிச்சும் கொஞ்சம் தெரியும்.

நடந்தது என்னன்னா, எங்க பில்டிங்கில் ஒரு மாமி. எழுபது வயசு. பல வருஷமா கேஸ் பம்ப். நிதானமா, மெதுவா, ஆழமா இழுக்கணும்னு டாக்டர் சொல்லிக் கொடுத்ததை மந்திரம் மாதிரி செய்வாங்க. போன வருஷம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் அந்தப் பம்ப் ஸ்டாக் இல்லை. “சேம் மெடிசின் ஹை, மாஜி, யே அச்சா ஹை, இஸ்மே கேஸ் நஹி ஹை”ன்னு பவுடர் கேப்ஸ்யூலும் அதை வைக்கிற கருவியும் கொடுத்தாச்சு. எப்படி இழுக்கணும்னு ஒரு வார்த்தை இல்லை. மாமி பழைய மாதிரியே மெதுவா, பதவிசா இழுத்திருக்காங்க. மூணு வாரம். நாலாவது வாரம் ஆஸ்பத்திரி. “நான் நன்னாத்தான் இழுத்தேன்டா”ன்னு அழுதாங்க. உண்மைதான். ஆனா அது கேஸ் பம்புக்கான இழுப்பு.

இதில் தப்பு பவுடர் மேலயா? இல்லை. மாமி மேலயா? நிச்சயமா இல்லை. “மருந்து அதேதான்”னு சொன்ன வாய் மேல.

லேபிளில் நூறு, கணக்கில் பத்து

நம்ம பாஷையில் சொல்றேன். பம்ப் லேபிளில் ‘100 மைக்ரோகிராம்’னு போட்டிருந்தா அது செக்கில் எழுதின தொகை. நுரையீரல் கணக்கில் வரவு ஆகிறது அதில்லை. சாதாரண கேஸ் பம்பில், நல்லா இழுத்தாலே, பத்தில் ஒண்ணு ரெண்டு பங்குதான் நுரையீரலுக்குப் போகும். மீதி தொண்டையில் அடிச்சு, எச்சிலோட வயித்துக்குப் போயிடும். இழுக்கத் தெரியலைன்னா அந்த ஒரு பங்கும் போகாது.

எது உள்ளே போகும், எது போகாதுங்கறதைத் துகளோட அளவு பெரும்பாலும் தீர்மானிக்குது. ஒரு மைக்ரானிலிருந்து அஞ்சு மைக்ரானுக்குள்ள இருந்தா சிறு குழாய்கள் வரைக்கும் போகும். பெரிசா இருந்தா தொண்டையிலேயே மோதி நிக்கும். துகள் எந்த அளவில் வெளியே வரும்ங்கறதைத் தீர்மானிக்கிறது எது? மருந்தைத் தள்ளுற கேஸ், அதில் மருந்து கரைஞ்சிருக்கா மிதக்குதா, வால்வோட ஓட்டை, நாம இழுக்கிற வேகம். அப்போ “கேஸ் மட்டும்தான் மாறியிருக்கு”ன்னா என்ன அர்த்தம்? பேங்க்கில் “கையெழுத்து மட்டும்தான் மாறியிருக்கு”ன்னு சொல்ற மாதிரி :-)

கதை இல்லை, இது நடந்தது. பழைய பம்பில் இருந்த கேஸ் சி.எஃப்.சி. ஓசோன் படலத்தை ஓட்டை போடுதுன்னு 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்து, படிப்படியா அதை நிறுத்தினாங்க. இந்தியா 1992-ல் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. இங்கே சி.எஃப்.சி. உற்பத்தி 2008 ஆகஸ்டில் நின்னது, கெடுவுக்கு 17 மாசம் முன்னாடியே. மருந்துப் பம்புக்கு மட்டும் கொஞ்ச நாள் விலக்கு. இப்போ நாம வாங்குற கேஸ் பம்ப் எல்லாம் எச்.எஃப்.ஏ.ங்கற மாற்று கேஸ்.

அப்படி மாறினப்போ பெக்லோமெத்தாசோன்ங்கற ஸ்டீராய்டு பம்பில் என்ன ஆச்சு தெரியுமா? பழைய சி.எஃப்.சி. பம்பில் பத்து சதவீதத்துக்கும் குறைவாத்தான் நுரையீரலுக்குப் போயிட்டிருந்தது. புது கேஸில் மருந்தைக் கரைச்சு, துகளை ஒரு மைக்ரான் அளவுக்குக் குறைச்சு ‘க்யூவார்’னு ஒரு பம்ப் வந்தது. அதில் பாதிக்கு மேல நுரையீரலுக்குப் போச்சு! அதனால டோஸைக் கிட்டத்தட்ட பாதியாக் குறைக்க வேண்டியதாச்சு. அதே மருந்து, அதே புது கேஸ் வகை, ஆனா ‘க்ளெனில்’ங்கற இன்னொரு பம்ப் பழைய அளவிலேயே இருந்தது. ஒண்ணுக்கு ஒண்ணு ரெண்டு மடங்கு வித்தியாசம். பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு என்ன பண்ணுச்சு? மருந்துப் பேரை மட்டும் எழுதாதீங்க, பிராண்டு பேரைப் போட்டு எழுதுங்கன்னு டாக்டர்களுக்குச் சொன்னது. ‘மருந்து அதேதான்’ங்கற வசனத்துக்கு ஒரு அரசாங்க அமைப்பு கொடுத்த பதில் இது.

வயித்துக்குப் போறதை ஈரல் பெரும்பாலும் உடைச்சு விட்டுடும். ஃப்ளூட்டிகசோன் மாதிரி மருந்தில் கிட்டத்தட்ட முழுசா. நுரையீரலுக்குப் போறது அப்படியில்லை. அங்க வேலை செஞ்சுட்டு, ஈரலைத் தாண்டாம நேரா ரத்தத்தில் சேரும். அதனால நல்லா சேருற பம்புக்கு மாறினா பலனும் கூடும், டோஸைக் குறைக்காம விட்டா பக்கவிளைவும் கூடும். மோசமாச் சேருற விதத்தில் இழுத்தா ரெண்டும் கிடையாது, காசு மட்டும் போகும். எப்படிப் பார்த்தாலும் பம்பை மாத்துறது கணக்கை மாத்துறதுதான்.

சல்புடமால் பம்ப் (அவசரத்துக்கு அடிக்கிறது) விஷயம் வேற. அதில் புது கேஸில் பழைய அளவுக்கு அளவு சரியா வர்ற மாதிரிதான் தயார் செஞ்சாங்க. ஆனா பீச்சல் மெதுவா, இதமா வரும். பழைய பம்ப் தொண்டையில் சில்லுன்னு அடிக்கும். அந்த அடிதான் மருந்துன்னு நம்ம ஆளுங்க பழகிட்டாங்க. “புதுப் பம்பில் ஒண்ணுமே வரலை, டூப்ளிகேட்”ன்னு தூக்கிப் போட்டவங்க எத்தனை பேர்! தொண்டையில் அடிக்காததுதான் நல்லதுன்னு சொல்ல யாரும் மெனக்கெடலை.

இப்போ அடுத்த சுற்று வருது

இந்த எச்.எஃப்.ஏ.வும் ஓசோனுக்குத்தான் நல்ல பிள்ளை. பூமிச் சூட்டுக்கு இல்லை. இதில் முக்கியமான 134ஏ கேஸ், கரியமில வாயுவை விட ஆயிரத்து முந்நூறு மடங்குக்கு மேல சூட்டைப் பிடிச்சு வைக்கும். இன்னொண்ணு, 227இஏ, மூவாயிரம் மடங்குக்கு மேல. பிரிட்டனில் ஒரு வென்டோலின் பம்பைக் கிட்டத்தட்ட 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்னு கணக்கு போட்டிருக்காங்க. பவுடர் பம்ப் ஒரு கிலோவுக்குள்ள. அங்க அரசு மருத்துவச் சேவையோட மொத்தக் கரி உமிழ்வில் சுமார் 3 சதவீதம் இன்ஹேலர்தானாம்.

அதனால கிகாலி திருத்தம், 2016. இந்தியா 2021-ல் ஏத்துக்கிச்சு. 2028-ல் இந்த வகை கேஸோட அளவை நிறுத்தி வைக்கணும், 2032-லிருந்து குறைக்கணும், 2047-ல் 85 சதவீதம் குறைஞ்சிருக்கணும். புது கேஸும் வந்தாச்சு. கரியமில வாயுவை விட நூத்துச் சொச்சம் மடங்குதான்னு 152ஏ. பத்து மடங்குக்கும் கீழேன்னு 1234இசட்இ. இந்தக் கடைசி கேஸில் ஓடுற ஒரு மூணு மருந்துப் பம்புக்கு 2025-ல் பிரிட்டனில் அனுமதியும் கிடைச்சாச்சு. நம்மூருக்கும் வரும். வரணும்.

ஆமா, வரணும்னுதான் சொல்றேன். “கரியமில வாயுவாவது, கத்திரிக்காயாவது”ன்னு பேசுற கோஷ்டி நான் இல்லை. காத்து கெட்டா முதலில் இளைக்கிறது என் பொண்ணுதான், காத்து சுத்தமாகணும்னு என்னை விட யாருக்கு அக்கறை? என் சண்டை வேற. பூமிக்கு நல்லது செய்யறதுக்கான பில் யார் பேரில் போடப்படுதுங்கறதுதான் சண்டை.

ஒரு பழைய பில்லைக் காட்டறேன். அமெரிக்காவில் சி.எஃப்.சி. சல்புடமால் பம்பை 2008 டிசம்பர் 31-க்கு மேல விக்கக்கூடாதுன்னு நிறுத்தினாங்க. ஓசோனுக்கு நல்லது. ஆனா அதோட மலிவு விலை ஜெனரிக் பம்பும் போச்சு. புது கேஸ் பம்புக்கெல்லாம் பேட்டன்ட். இன்சூரன்ஸ் உள்ளவங்களே கைக்காசா சராசரி 13 டாலர் சொச்சம் கொடுத்துட்டிருந்த இடத்தில் 25 டாலர் ஆச்சுன்னு பின்னாடி ஆய்வு வந்தது. ஓசோனை ஓட்டை போட்டது யாரு? ஃபிரிட்ஜும் ஏசியும் பெரும் பங்கு. பில் கட்டினது யாரு? மூச்சு விட முடியாதவன்.

இந்தத் தடவையும் அதே வாடை அடிக்குது. 134ஏ கேஸ் உலகம் முழுக்கக் கார் ஏசியில் ஓடிச்சு. கார் ஏசியைப் போட்டுக்கிட்டு ஆபீஸ் வந்து, “உங்க பொண்ணோட பம்ப் பூமிக்குக் கெடுதல் தெரியுமா”ன்னு என்கிட்ட கேட்டார் ஒருத்தர். படிச்சவர், நல்லவர், நம்ம தமிழர்தான். நான் சிரிச்சுட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான் சிரிப்பு போச்சு.

பவுடர் கெட்டதா?

இல்லவே இல்லை. ஸ்வீடனில் பெரும்பாலானவங்க பவுடர் பம்ப்தான், நல்லாத்தான் இருக்காங்க. ஏன்? முதல் நாளிலிருந்தே அதைத்தான் சொல்லிக் கொடுக்கறாங்க. இருக்கிறவனை நடுவழியில் இறக்கி வேற வண்டியில் ஏத்துறது வேற விஷயம்.

அதுக்கும் உதாரணம் இருக்கு. 2021-ல் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவ அமைப்பு, லட்சக்கணக்கான பேரை ஒரு கேஸ் பம்பிலிருந்து ஒரு பவுடர் பம்புக்கு மாத்திச்சு. பின்னாடி கணக்கெடுத்துப் பார்த்தா, மாறினவங்க ஆஸ்பத்திரிக்கு ஓடுறது கொஞ்சம் கூடியிருந்தது. நேர்மையாச் சொல்லணும்னா, அங்க காரணம் செலவு, சுற்றுச்சூழல் இல்லை. பம்போட சேர்த்து மருந்தும் மாறிச்சு. அதனால பழியைப் பவுடர் தலையில் மட்டும் கட்ட முடியாது. ஆனா மொத்தமா, ஒரே சுற்றறிக்கையில் ஆளை மாத்தினா என்ன ஆகும்ங்கறதுக்கு அது பாடம்.

கேஸ் பம்ப் தானாத் தள்ளும், அதனால மெதுவா, நிதானமா இழுக்கணும். பவுடர் தானா வராது, நாமதான் பிச்சு இழுக்கணும், பலமா, வேகமா. ஒண்ணுக்கு ஒண்ணு நேர் எதிர். மாமி விழுந்தது இந்தப் பள்ளத்தில்தான். சின்னக் குழந்தைக்கும், தளர்ந்த வயசுக்கும், மூச்சு முட்டுற நேரத்திலும் அந்த வேகம் வராது. அவங்களுக்கு ஸ்பேசர் மாட்டின கேஸ் பம்ப் வேணும். அதைப் பசுமை பேர் சொல்லிப் பிடுங்கறது பாவம். இன்னொண்ணு, பவுடருக்கு ஈரம் ஆகாது. ஜூலை மாச மும்பையில் பாத்ரூம் அலமாரியில் கேப்ஸ்யூலை வெச்சா அது கட்டி தட்டிப் போகும்.

நம்ம வீட்டுக் கதையையும் பேசுவோம்

டாக்டரையும் கடைக்காரரையும் திட்டினா மட்டும் போதுமா? தாராவியோ மாதுங்காவோ செம்பூரோ, நம்ம தமிழ்க் குடும்பங்களில் பம்புன்னாலே ஒரு பயம். “பழகிடும்”, “கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்க வந்தா என்ன சொல்றது”, “மாத்திரையே கொடுத்துடுங்க டாக்டர்”. ஊருக்குப் போனா ஆச்சி, “புள்ளைக்கு இப்பவே எதுக்கு பம்பு”ன்னு எடுத்து ஒளிச்சு வைப்பாங்க. ஜூன் மாசம் ஹைதராபாத்துக்கு மீன் மருந்து முழுங்க ரயில் ஏறுறவங்களும் நம்மில் உண்டு.

மாத்திரை சாதுன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. சல்புடமால் மாத்திரை 4 மில்லிகிராம், அதாவது 4000 மைக்ரோகிராம். பம்பில் ஒரு அடி 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரை முழுங்கறது நாப்பது அடி மருந்தை உடம்பு முழுக்கச் சுத்த விடுறது. கை நடுங்குது, நெஞ்சு படபடங்குதுன்னா ஆச்சரியமா? இதை பி.காம். படிக்காதவங்களும் போடலாம், வகுத்தல் கணக்குதான்.

உலகத்து ஆஸ்துமாக்காரங்களில் சுமார் 13 சதவீதம் இந்தியாவில். ஆஸ்துமா சாவில் நம்ம பங்கு 40 சதவீதத்துக்கு மேலன்னு மதிப்பிடறாங்க. அந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிற தூரம், சரியான மருந்து சரியான இடத்துக்குச் சேராத தூரம்.

அவசர பம்பை மட்டும் வெச்சு ஓட்டக்கூடாது, தடுப்பு ஸ்டீராய்டு சேர்ந்தே இருக்கணும்னு உலக ஆஸ்துமா வழிகாட்டுதலே 2019-ல் மாறிடுச்சு. இதில் பூமிக்கும் லாபம் இருக்கு பாருங்க. தடுப்பு மருந்து ஒழுங்காப் போனா அவசர பம்ப் செலவாகாது. வீணா வானத்தில் கலக்குற கேஸும் குறையும். தப்பா இழுத்து வீணாகிற பம்ப்தான் எல்லாத்திலும் மோசமான பம்ப், அதில் எந்த கேஸ் இருந்தாலும்.

நான் கேட்கிறது இவ்வளவுதான்

1. டாக்டர் சீட்டில் மருந்துப் பேர் மட்டும் போதாது. எந்தக் கருவி, எந்த பிராண்டு, எப்படி இழுக்கணும், மூணும் வேணும். பம்பை மாத்தினா, நோயாளியை அங்கேயே ஒரு தடவை இழுக்கச் சொல்லிப் பார்க்கணும். பத்து நிமிஷம். அதுவும் சிகிச்சைதான்.

2. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரைக்கு மாத்து பிராண்டு கொடுக்கற மாதிரி பம்புக்கு மாத்து கொடுக்கக்கூடாது. டாக்டருக்கு ஒரு போன் போடாம கருவியை மாத்தாதீங்க.

3. கம்பெனிக்காரங்க உள்ளே வைக்கிற தாள் எங்க வீட்டுக்கு வந்த வரைக்கும் பொடி எழுத்தில், இங்கிலீஷில். தமிழிலும் ஹிந்தியிலும் மராத்தியிலும் நாலு படம் போட்டுக் கொடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?

4. அரசாங்கம் 2028-க்கு முன்னாடி கணக்கு போடணும். ஏசிக்கு எவ்வளவு கேஸ், மருந்துக்கு எவ்வளவுன்னு பங்கு பிரிக்கும்போது மூச்சுக்கு முதல் உரிமை. புது கேஸ் பம்ப் வர்ற நாளிலேயே அதுக்கும் உச்சவரம்பு விலை. பழைய மலிவு பம்பை எடுத்துட்டு, புதுசை நாலு மடங்கு விலையில் வைக்கிற வேலை இங்க வேணாம்.

5. நாம. கீழே இருக்கிறதைப் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டுங்க.

கேஸ் பம்ப்: குலுக்கணும். மூச்சை வெளியே விடணும். அழுத்திக்கிட்டே மெதுவா, ஆழமா இழுக்கணும். பத்து எண்ணுற வரைக்கும் அடக்கணும். புதுப் பம்பையும், பல நாள் தொடாம கிடந்த பம்பையும் முதலில் காத்தில் அடிச்சுப் பார்க்கணும் (எத்தனை தடவைன்னு தாளில் இருக்கும்). பிளாஸ்டிக் கூட்டை வாரம் ஒரு தடவை, உள்ளே இருக்கிற டப்பாவை எடுத்துட்டு, தண்ணியில் அலசிக் காய வைக்கணும். இல்லைன்னா மருந்து அடைச்சுக்கும்.

ஸ்பேசர்: குழந்தைக்கும் வயசானவங்களுக்கும் கட்டாயம், மத்தவங்களுக்கும் நல்லது. சோப்புத் தண்ணியில் கழுவித் தானாக் காய விடணும். துணியால் துடைச்சா நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கும்.

பவுடர்: கருவிக்குள்ள ஊதக்கூடாது. பலமா, வேகமா இழுக்கணும். கேப்ஸ்யூலை ஈரக் கையில் தொடக்கூடாது.

ஸ்டீராய்டு எதுவா இருந்தாலும், இழுத்த பிறகு வாய் கொப்பளிச்சுத் துப்பணும்.

பம்ப் காலியான்னு தண்ணியில் மிதக்க விட்டுப் பார்க்காதீங்க. 200 அடி முடிஞ்ச பிறகும் கேஸ் வந்துட்டுத்தான் இருக்கும், மருந்து இருக்காது. எண்ணுங்க. பாஸ்புக்கில் பேலன்ஸ் பார்க்கிற ஜனம்தானே நாம?

பூமியைக் காப்பாத்துவோம், நானும் வர்றேன். ஆனா அந்த வண்டியில் மூச்சு வாங்குறவனை ஏத்தும்போது கையைப் பிடிச்சு ஏத்துங்க. “வண்டி அதேதான், ஏறிக்கோ”ன்னு கத்திட்டுப் போகாதீங்க.

பி.கு.: டோஸை நீங்களா கூட்டவோ குறைக்கவோ வேணாம், அது உங்க டாக்டர் வேலை. ஆனா அடுத்த தடவை அவரைப் பார்க்கும்போது பம்பைக் கையோட எடுத்துட்டுப் போய், “நான் இழுக்கறேன், சரியான்னு பாருங்க”ன்னு கேளுங்க. துபாய், சிங்கப்பூர், லண்டன் பக்கம் இருக்கிற மக்களே, உங்க ஊரில் பம்பை மாத்தினப்போ சொல்லிக் கொடுத்தாங்களா, கையில் திணிச்சு அனுப்பினாங்களா? பின்னூட்டத்தில் சொல்லுங்க.